புதன்கிழமையில் ஒரு மரக்கறிச் சாப்பாடு

மேசையில் ஒரு கை அறைந்த வேகத்தில் சாம்பவியின் தேநீர்க் குவளை துள்ளி விழுந்தது.

"என்ர பெயரிலை, என்ர இருபத்திமூண்டு சனத்துக்கு, என்னைக் கேக்காமல் ஹோட்டலை மாத்திப் போட்டினம், பிள்ளை! பட்டப்பகல் கொள்ளை!"

அறைந்த கைக்குச் சொந்தக்காரர் ஸ்ரீஸ்கந்தராசா. பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் சேலைக்கடை வைத்திருப்பவர். கோயில் வேலை, கல்யாண வேலை எதிலும் முன்வரிசையில் நிற்பவர். அவர் கோபித்துக்கொண்டால் தெருவே தலையைக் குனிந்துகொள்ளும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. தெருவும் அந்த நம்பிக்கையைக் கெடுத்ததில்லை.

சாம்பவி குனியவில்லை. கொட்டிய தேநீரைத் துடைக்கவும் இல்லை. டெலிபோன் கடைக்கு மேலே இரண்டு அறையில் துப்பறியும் அலுவலகம் வைத்துப் பதினொரு வருடமாகிறது. இந்தப் பதினொரு வருடத்தில் அவளுக்கு மிகவும் எரிச்சல் தருபவர்கள் திருடர்கள் இல்லை. திருடனை முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு வந்து, அதற்கு ஆதாரம் மட்டும் கேட்பவர்கள். இவர் அந்த ரகம் என்பது படியேறி வந்த சத்தத்திலேயே தெரிந்துவிட்டது.

"முதல்லை இருங்கோ அண்ணை. இருந்து சொல்லுங்கோ."

சொன்னார். அவர்கள் சகோதரங்கள் ஆறு பேர். பாரிஸ், லண்டன், டொரொன்டோ, யாழ்ப்பாணம் என்று சிதறிக் கிடப்பவர்கள். ஆறு பேரும் ஓரிடத்தில் இருந்து சாப்பிட்டு இருபது வருடத்துக்கு மேல். யாழ்ப்பாணத்துத் தங்கைக்கு ஐரோப்பிய விசா மூன்று முறை மறுக்கப்பட்டதால், அவளுக்கும் கதவு திறக்கும் ஓர் இடமாகத் தேடி, ஆறு மாதம் வாட்ஸ்அப்பில் அடிபட்டு, கடைசியில் கரீபியன் கடலில் சென் எலுவா என்ற தீவைப் பிடித்தார்கள். ஆகஸ்டில் பதினான்கு நாள். கடற்கரையோரம் ஆறு வில்லாக்களை ஸ்ரீஸ்கந்தராசாவே பார்த்துப் பதிந்தார். மூன்று நாளுக்கு முன் பயண ஏஜென்சியிலிருந்து வந்த கடிதத்தில் வில்லாக்களைக் காணோம். அதே தீவில், அதே தேதிகளில், 'அன்ஸ் கிளேர்' என்ற பெரிய கடற்கரை விடுதி இருந்தது. பிரெஞ்சுக்காரர் சொல்லும் 'தூ கொம்ப்ரி'. சாப்பாடு, குடிவகை, நீச்சல் குளம் எல்லாம் அடக்கம்.

"அதைத்தானே சார் ஊரே தேடி அலையுது?" என்றான் தருண். சாம்பவியின் உதவியாளன். கோயம்புத்தூரிலிருந்து படிக்க வந்து, படிப்பு முடிந்த பிறகு வேலைக்குப் போகாமல் இவளிடம் ஒட்டிக்கொண்டவன். வாய் சும்மா இருக்காது. "எந்திரிச்சா இட்டிலிக்குப் பதிலா ஆம்லெட், தண்ணிக்குப் பதிலா அன்னாசி ஜூஸ். விலை எவ்ளோ கூட?"

"விலை கிட்டத்தட்ட ஒண்டுதான். அதுவோ தம்பி பிரச்சினை? பதினாலு நாளும் உந்தப் பாணையும் பாஸ்தாவையும் ஆர் தின்னுறது? எங்கட சனத்துக்குச் சோறு கறி வேணும். அதுக்காகத்தான் குசினியோடை வில்லா எடுத்தனான்."

"அப்போ சமையல்காரருக்கும் டிக்கெட் போட்டாச்சா, சார்?"

சாம்பவி அவனை ஒரு முறை முறைத்தாள். தருண் வாயை மூடிக்கொண்டான்.

"மாத்தினது ஆர் எண்டு எனக்குத் தெரியும்," ஸ்ரீஸ்கந்தராசா விரலை நீட்டினார். "ஏஜென்சியிலை இருக்கிற இந்தியாப் பெட்டை. அக்ஷரா. கொமிசனுக்குச் செய்திருக்கிறாள். மகனைக் கொண்டு பிரெஞ்சிலை புகார் எழுதுவிச்சுக் குடுத்திட்டன். இண்டைக்கு அஞ்சு மணிக்கு அவளை வேலையாலை நிப்பாட்டுறம் எண்டு முதலாளி சொல்லியிருக்கிறார். ஆறு மணிக்குள்ளை பழையபடி வில்லாவுக்கு மாத்தவும் ஏலும். நீர் ஆதாரத்தை மட்டும் எடுத்துத் தாரும், காணும்."

"பதிவு இலக்கம் இருந்தால் ஆரும் இணையத்திலை மாத்தலாம் தானே? அந்த இலக்கம் வேற ஆரிட்டை இருக்கு?"

"ஏஜென்சியிட்டை. என்னட்டை. கடிதம் வீட்டு மேசை லாச்சியிலை. வீட்டிலை நானும் மனுசியும்தான். அவள் பள்ளிக்கூடக் காந்தீனிலை சமைக்கிறவள், கொம்பியூட்டரைத் துடைக்கிறதுக்கு மட்டும்தான் தொடுவாள்."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது சாம்பவிக்குப் பழகிப்போன விஷயம். ஆனாலும் 'இந்தியாப் பெட்டை' என்று அவர் சொன்ன விதம் அவள் காதுக்குள் கல்லாக விழுந்தது. ஒரு பெண்ணின் பிழைப்பை மாலை ஐந்து மணிக்குப் பறிக்க நேரம் குறித்துவிட்டு, அதற்கு மேல் முத்திரை குத்த இவளைக் கூப்பிட்டிருக்கிறார்.

"வாறன்," என்றாள். "ஆனால் ஆதாரம் எந்தப் பக்கம் போகுதோ, நானும் அந்தப் பக்கம்தான் போவன்."

ஏஜென்சி, மெட்ரோ படிக்கட்டுக்கு எதிரே, தென்னைமரப் படம் ஒட்டிய கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது. முதலாளி சவிரிமுத்து பாண்டிச்சேரிக்காரர். நல்ல மனிதர், ஆனால் முதுகெலும்பு கொஞ்சம் நெகிழ்ச்சி.

"நான் என்னா பண்றது மதாம்? வாடிக்கையா வர்ற கிளியான் கோவிச்சிக்கினா இந்தத் தெருவுல என் டிராவல் புய்ரோவுக்கு எவன் வருவான்? புகார் லெத்ர் வேற குடுத்துட்டாரு," என்று கையை விரித்தார்.

அக்ஷரா கணினிக்குப் பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது.

"நான் அழலை மேடம். கோவத்துல கண்ணு கலங்குது, அவ்ளோதான். வில்லான்னாலும் ரிசார்ட்னாலும் எங்களுக்குக் கமிஷன் ஒண்ணுதான், சாரையே கேளுங்க. அடுத்த மாசம் நான் இங்க தங்குற கார்த் ரென்யூவல். இந்த வேலைய வெச்சுத்தான் அதுவே. வேலை போச்சுன்னா நான் மதுரைக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். யாரோ பண்ணுன வேலைக்கு!"

சவிரிமுத்து ஆமாம் என்று தலையாட்டினார். ஆட்டியதோடு சரி.

"கொமிசன் ஒண்டு எண்டு தெரிஞ்சும் நிப்பாட்டப் போறியள்?" சாம்பவியின் குரல் உயர்ந்தது. அவர் தென்னைமரப் படத்தைப் பார்க்கத் தொடங்கினார்.

மாற்றக் கோரிய படிவத்தை அக்ஷரா அச்சடித்துக் கொடுத்தாள். இணையத்தில் நிரப்பப்பட்டது. அனுப்பியவர் பெயருக்கு இடமில்லை, பதிவு இலக்கம் மட்டும். எங்கிருந்து வந்தது என்று தளத்தை நடத்துபவர்களைக் கேட்டால் பதில் வர இரண்டு வாரம் ஆகும். ஐந்து மணிக்கு இன்னும் நாலரை மணி நேரம்தான் இருந்தது.

"அக்கா, இந்தத் திருடன் ரொம்ப நல்லவன்," என்றான் தருண். "தீவு அதே தீவு, தேதி அதே தேதி, இருபத்திமூணு பேரும் பத்திரம். வீட்டுக்குள்ள புகுந்து, கூட்டிப் பெருக்கி, கோலமும் போட்டுட்டுப் போயிருக்கான். எதைத்தான் எடுத்தான்?"

சாம்பவி தாளைக் கடைசிவரை வாசித்தாள். படிவத்தின் அடியில், 'சிறப்பு வேண்டுகோள்' என்ற கட்டத்தில், சுத்தமான பிரெஞ்சில் இரண்டு வரி இருந்தது. ஆகஸ்ட் 19, புதன்: ஒருவருக்கு மட்டும் மரக்கறிச் சாப்பாடு, முட்டையும் வேண்டாம். அடுத்த வரி: ஓர் அறை மட்டும் விடுதியின் சமையற்கூடத்திலிருந்து எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரத்தில் இருக்கட்டும்.

அங்கேயே நின்று ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு டெலிபோன் எடுத்தாள்.

"அண்ணை, உங்கட ஆக்களிலை புதன்கிழமையிலை மரக்கறி சாப்பிடுறது ஆர்?"

"புதனோ? செவ்வாய், வெள்ளி எண்டால் விளங்கும். புதனிலை ஒருத்தரும் இல்லை. பாத்தீரே? எங்கட நாள் கிழமை தெரியாத ஒருத்தி எழுதினது! இதைவிட என்ன ஆதாரம் வேணும்?" அவர் வெற்றிக் களிப்பில் டெலிபோனை வைத்துவிட்டார்.

"சார் சொல்றதுல பாயின்ட் இருக்கே," என்றான் தருண்.

"இல்லை. தெரியாதவள் எண்டால் வெள்ளிக்கிழமை எண்டுதான் எழுதுவாள். மதுரைப் பிள்ளைக்கு வெள்ளிக்கிழமை தெரியாதோ? புதன் எண்டு எழுத ஒரு காரணம் வேணும். வாரும்."

இரண்டு கடை தள்ளி மளிகைக்கடை. வாழைப்பூவுக்கும் முருங்கைக்காய்க்கும் மேலே தமிழ் நாட்காட்டி தொங்கியது. சாம்பவி கேட்காமலே அதைக் கழற்றி ஆகஸ்ட் மாதத்தைப் புரட்டினாள். கடைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டார்.

பத்தொன்பதாம் தேதி. ஆவணி மாதம், வளர்பிறை சப்தமி.

"கிழமைக்கு வாறது விரதம்," என்றாள். "கிழமை பாராமல் வாறது என்ன?"

தருண் ஒரு நொடி யோசித்தான். "திவசம். திதி பார்த்து வரும்."

"ஓம். செத்தது இவையின்ர தாய் தகப்பன் எண்டால் ஆறு குடும்பமும் மரக்கறி. இது ஒராளுக்கு மட்டும். அப்ப செத்தவர் இவையின்ர ஆள் இல்லை. கலியாணம் கட்டி உள்ளை வந்த ஆற்றையோ தாய், இல்லாட்டித் தகப்பன்."

"மருமக்கள் அஞ்சாறு பேரு இருப்பாங்களே அக்கா. உலகம் பூரா."

"பதிவு இலக்கம் பாரிசிலை. போன வருசம் இதே திதி எண்டைக்கு வந்தது?" கடைக்காரரே பழைய நாட்காட்டியை எடுத்து நீட்டினார். ஆகஸ்ட் முப்பது. "பஜோல் வீதிப் பிள்ளையார் கோயிலுக்கு ஓடும். திவசத்துக்கு அன்னதான உபயம் குடுக்கிறவையின்ர பேர் எழுதி வைச்சிருப்பினம். அண்டைக்கு ஆர் ஆர் எண்டு பாரும்."

அவன் போய்த் திரும்பி வர அரை மணி நேரம். போகும்போது, "பிள்ளையாரையே சாட்சிக்கு இழுக்கிறீங்க, சம்மன் குடுத்தாச்சா?" என்று கேட்டுக்கொண்டு போனவன், வரும்போது பேசாமல் வந்தான். கைபேசியில் எடுத்த படத்தைக் காட்டினான். முப்பதாம் தேதிக்கு நேரே மூன்று பெயர். மூன்றாவது: தாயார் நினைவாக, கலாவதி ஸ்ரீஸ்கந்தராசா.

சாம்பவி படத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். சமையலறைக்குத் தூரமாக ஓர் அறை. குசினியோடு வில்லா. இருபத்திமூன்று பேர், பதினான்கு நாள், சோறு கறி. 'சமையல்காரருக்கும் டிக்கெட் போட்டாச்சா?' என்று இவன் கேட்டபோது கேள்வியைப் பிடித்துக்கொள்ளாமல், கேட்டவனை முறைத்தது யார்? அவளுக்குத் தன் மேலேயே பற்றிக்கொண்டு வந்தது.

"உம்மட பகிடி பகிடி இல்லை, தருண்," என்றாள். "என்ர மண்டைக்குத்தான் ஏறேல்லை."

பள்ளிக்கூடத்தின் பின்வாசலில் கலாவதி நின்றபடியே சின்னத் திரையில் நாளைய பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பதிந்துகொண்டிருந்தார். வெள்ளைத் தொப்பி, வெள்ளைச் சப்பாத்து. விரல் திரையில் கடகடவென்று ஓடியது.

"கம்ப்யூட்டரைத் துடைக்கிறாங்க போல," என்று தருண் காதோடு சொன்னான்.

சாம்பவி தன்னை யாரென்று சொல்லி, படிவத்தை நீட்டினாள். "இது நீங்கள் எழுதினதோ அக்கா?"

கலாவதி அதை வாங்கவில்லை. எட்டிப் பார்த்தார்.

"ஓம். நான்தான்."

மறுப்பு, கண்ணீர், மழுப்பல் எதுவும் இல்லை. இத்தனை சுலபமாக ஒரு குற்றவாளி ஒத்துக்கொண்டதை சாம்பவி பார்த்ததில்லை.

"ஏன் எண்டு கேளுங்கோ," என்றார் கலாவதி. குரல் தணிவாகத்தான் இருந்தது, ஆனால் கொதித்தது. "காலமை ஆறரைக்கு வந்து முன்னூறு பிள்ளையளுக்குச் சமைக்கிறன். பின்னேரம் வீட்டிலை சமைக்கிறன். சாமத்தியவீடு, கலியாணவீடு, செத்தவீடு, லண்டனிலையிருந்து ஆர் வந்தாலும் நான்தான். அதுகூடப் பரவாயில்லை. லீவு எண்டு சொல்லி ஒன்பது மணித்தியாலம் பறந்து போய், அந்தக் கடலுக்கு முன்னாலையும் நான் இருபத்திமூண்டு பேருக்குச் சோறு வடிக்கோணுமோ? ஆறு மாசமாக் கதைச்சினம். மணல் வெள்ளையோ, பெடியளுக்குக் குளம் இருக்கோ, வில்லாவிலை ஏசி இருக்கோ. ஆர் சமைக்கிறது எண்டு ஒரு சனம் கேக்கேல்லை. என்னை அந்த வாட்ஸ்அப் குறூப்பிலையே போடேல்லை!"

தருண் தரையைப் பார்த்தான்.

சாம்பவிக்கு அப்படியே திரும்பிப் போய்விடலாம் போலிருந்தது. ஆனால் அங்கே இன்னொருத்தி பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அதைச் சொன்னாள். அக்ஷராவின் பெயர், புகார்க் கடிதம், ஐந்து மணி, அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டிய அனுமதி, எல்லாவற்றையும்.

கலாவதி படியில் உட்கார்ந்துவிட்டார். "ஐயோ. இவர் எனக்கொண்டும் சொல்லேல்லையே. ஹோட்டலை மாத்திப் போட்டாங்கள் எண்டு கத்தினார். நாலு நாள் கத்திப் போட்டு விடுவார் எண்டு நினைச்சன்." தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். "நான்தான் எண்டு சொன்னால் என்ன நடக்கும் தெரியுமோ? சகோதரங்கள் ஆறும் ஒண்டாச் சேரும். என்னைத் தின்னுறதுக்கு."

"தெரியும். அஞ்சு மணி வரைக்கும் உங்கட பேர் என்ர வாயிலையிருந்து வராது."

"அஞ்சு மணிக்குப் பிறகு?"

"சொல்லுவன் அக்கா. உங்களிலை பிழை இல்லை. ஆனால் உங்களுக்காக அந்தப் பிள்ளையை விட்டுக் குடுக்க என்னாலை ஏலாது."

கலாவதி அவளை ஏற இறங்கப் பார்த்தார். எழுந்து உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது.

ஐந்து மணிக்கு ஏஜென்சியில் ஒரு கூட்டமே கூடிவிட்ட மாதிரி இருந்தது. உண்மையில் ஐந்து பேர்தான். அதில் ஸ்ரீஸ்கந்தராசா நாலு பேர் இடத்தை அடைத்துக்கொண்டு நின்றார். அக்ஷரா மேசையைத் துடைத்து வைத்துப் பையைத் தோளில் மாட்டியிருந்தாள். சவிரிமுத்துவின் கையில் வேலைநீக்கத் தாள் இருந்தது.

"எங்கை ஆதாரம்?"

"இருக்கு. இந்தப் பிள்ளை செய்யேல்லை."

"அப்ப ஆர்?"

சாம்பவி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து மணி இரண்டு நிமிடம். தருண் இடையில் புகுந்தான். "சார், அதுக்கு முன்னாடி ஒரு சந்தேகம். அந்தத் தீவுல கறிவேப்பிலை கிடைக்குமா?"

"உமக்கு என்ன பகிடியோ? கறிவேப்பிலை, தூள் எல்லாம் இஞ்சையிருந்து ஒரு பெட்டி நிறையக் கொண்டு போறம். பிள்ளை, ஆர் எண்டு சொல்லும்! இல்லாட்டி இப்பவே இவளை அனுப்புங்கோ!"

ஐந்து மணி மூன்று நிமிடம். சாம்பவி வாயைத் திறந்தாள். அவளுக்கு முன் கதவு திறந்தது.

"நான்தான்," என்றார் கலாவதி.

வெள்ளைச் சப்பாத்தைக்கூட மாற்றாமல் வந்திருந்தார். ஸ்ரீஸ்கந்தராசா முதலில் சிரித்தார். பிறகு யாரும் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தார்.

"உனக்கென்ன விசரோ? நீ எப்பிடி மாத்துவாய்?"

"லாச்சியைத் திறந்து, இலக்கத்தைப் பாத்து மாத்தினன். குசினி இல்லாத இடமாப் பாத்து மாத்தினன்."

அவர் முகம் கறுத்தது. "இருபத்திமூண்டு பேருக்கு முன்னாலை என்னை மடையனாக்கிப் போட்டியே! சமைக்க ஏலாது எண்டால் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்தானே?"

"இருபத்தெட்டு வருசமாச் சொன்னனான், என்னப்பா. ஒவ்வொரு முறையும் 'உப்புக் காணாது' எண்டுதான் பதில் சொன்னியள்."

சவிரிமுத்து இருமினார். ஸ்ரீஸ்கந்தராசா மேசையில் அறைந்தார். "மாத்துங்கோ! இன்னும் ஆறு மணி ஆகேல்லை. பழையபடி வில்லாவுக்கு மாத்துங்கோ!"

"ஓம், மாத்துங்கோ," என்றார் கலாவதி அக்ஷராவிடம். "ஆனால் இருபத்திரண்டு பேர் எண்டு போடுங்கோ."

"நீ வராட்டி ஆர்..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். நிறுத்தியது பிரயோசனமில்லை. மிச்சம் எல்லோருக்கும் கேட்டுவிட்டது. அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். அறைந்த கையை மேசையிலிருந்து எடுத்து எங்கே வைப்பது என்று தெரியாமல் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அக்ஷராவின் விரல்கள் விசைப்பலகைக்கு மேல் காத்திருந்தன. "மாத்தவா சார்?"

ஸ்ரீஸ்கந்தராசா கலாவதியின் வெள்ளைச் சப்பாத்தைப் பார்த்தபடி, "வேண்டாம். இருக்கட்டும்," என்றார்.

சவிரிமுத்து தன் கையிலிருந்த தாளை நாலாக மடித்தார். "அப்பாடா! முடிஞ்சிது. நீ போயி வேலையப் பாரும்மா."

"முடியல," என்றாள் அக்ஷரா. எழுந்து நின்றாள். "என்னைத் திருடின்னு சொல்லி லெட்டர் என் ஃபைல்ல இருக்கு. நாளைக்கு கார்த் குடுக்கிற பிரெஃபெக்சர்ல எவனாவது கேட்டா நான் என்ன சொல்றது? எனக்கு சாரி எல்லாம் வேண்டாம் சார். தப்பாச் சொல்லிட்டேன்னு நீங்களே எழுதிக் குடுங்க. இப்பவே."

ஸ்ரீஸ்கந்தராசா சாம்பவியைப் பார்த்தார். அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். தருணைப் பார்த்தார். அவன் பேனாவை நீட்டினான்.

"எனக்குப் பிரெஞ்சிலை எழுத வராது," என்றார், யார் முகத்தையும் பாராமல். "மகன்தான் எழுதித் தாறவன். அவன் இப்ப வேலையிலை."

கலாவதி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தருணின் கையிலிருந்து பேனாவை வாங்கினார்.

"நான் எழுதுறன். என்ன எழுதியிருக்கு எண்டு வாசிச்சும் காட்டுறன். நீங்கள் கீழை கையெழுத்தை வையுங்கோ."